ஒரு கோப்பைக்கு மூன்று வாய்

எங்கள் ஊருக்கும் அரைக்கிணற்றுப்பட்டிக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் புத்தி உண்டு, அந்தப் பக்கம் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த ஊருக்குப் பெயர் வந்த விதத்தைக் கேட்டாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். கிணறு வெட்ட வந்த மேஸ்திரி, "பாதி வெட்டினதும் என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வலது பாதியை மட்டும் அடிவரைக்கும் வெட்டி முடித்துவிட்டு அவரைக் கூப்பிட்டார்கள். இன்றைக்கும் அந்தக் கிணறு அரைவட்டமாகத்தான் இருக்கிறது. தண்ணீர் மட்டும் நன்றாக இருக்கும்.

அந்த ஊரில் உச்சிமாகாளி டீக்கடை வைத்திருந்தார். புறவழிச்சாலை வந்த பிறகு பஸ்கள் ஊருக்குள் நுழைவதை நிறுத்திவிட்டன. கடைக்கு மிஞ்சியது இரண்டு பேர். ஒருவர் சவரக்கடை கொம்பையா. இன்னொருவர் பஸ்ஸில் மூட்டை ஏற்றி இறக்கும் மாசானம். பஸ்ஸே வராவிட்டாலும் மாசானம் தலையில் சும்மாட்டுத் துண்டைச் சுற்றிக்கொண்டு காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இப்படி இருக்கையில் குன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டீக் கம்பெனி அம்மா காரில் வந்து இறங்கினார். பெயர் ஹெப்சிபா. நாளெல்லாம் டீயைக் குடித்துப் பார்த்து, இது உசத்தி, இது மட்டம் என்று சொல்வதுதான் அவருக்கு உத்தியோகம். அவர்கள் கம்பெனி நம் தாலுகா ரயில் நிலையத்தில் சீன டீக்கடை ஒன்று கட்டி வைத்திருக்கிறது. அதை நடத்த ஆள் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் இருக்கிற டீக்கடைக்காரர்களுக்கெல்லாம் பரீட்சை வைக்கிறார்கள்.

அந்த அம்மா இரண்டு டப்பாக்களையும் ஒரு தாளையும் உச்சிமாகாளியிடம் கொடுத்தார்.

"ஒண்ணு ஊலாங். இன்னொண்ணு வெள்ளை டீ. ரெண்டுமே சீனாவிலிருந்து வந்தது. போடுற முறை இந்தத் தாளில் இருக்கு. பத்து நாள் கழிச்சு வந்து குடிச்சுப் பார்ப்பேன். தாளில் இருக்கிறபடி செய்யுங்க. தாளில் இல்லாத எதையும் செய்யாதீங்க."

அரைக்கிணற்றுப்பட்டியில் யாரிடமும் இவ்வளவு பொருத்தமாக ஒரு வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை.

உச்சிமாகாளிக்கு டீ போடுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இந்தப் பரீட்சையில் தோற்றால் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய், மருமகனின் கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்க வேண்டியதுதான். மருமகன் ஏற்கெனவே கூடை வாங்கி வைத்துவிட்டார். ஆளைப் பார்க்கும்போதெல்லாம் கூடையைத் தூசி தட்டிக் காட்டுவார். உச்சிமாகாளிக்குக் கோழி என்றால் பயம்.

அன்றைக்கே மூன்று பேரும் கடையில் கூடினார்கள். முதலில் வெள்ளை டீ டப்பாவைத் திறந்தார்கள். உள்ளே சாம்பலும் பச்சையுமாக நீளநீள மொட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய வெள்ளை ரோமம் பூத்திருந்தது. உச்சிமாகாளி தாளைப் பார்த்துப் படித்தார்.

"மொட்டுகளின் மேல் வெள்ளை முடி இருக்கும்."

"டீயில முடியா?" என்றார் கொம்பையா. "இருவது வருசமா நான் தலையச் சிரைச்சிட்டு நேரே இங்க வாரேன். ஒருநாளாவது உம்ம டீயில முடி கிடந்திருக்கா? கடைக்குக் கெட்ட பேருல்லா."

"சிரைக்கணும்னு தாள்ல போடலியேவே."

"சிரைக்கக் கூடாதுன்னும் போடலியே."

கொம்பையா கத்தியைத் தீட்டி, நுரை போட்டு, ஒவ்வொரு மொட்டாக எடுத்துச் சவரம் செய்ய ஆரம்பித்தார். நல்ல தொழிலாளி. ஒரு மொட்டில்கூட வெட்டுக்காயம் படவில்லை. மூன்று நாள் சவரக்கடையைப் பூட்டிவிட்டு இதே வேலையாக இருந்தார். கால் டப்பா முடிந்த நேரத்தில் மாசானம் விசிறிக்கொள்வதற்காகத் தாளைக் கையில் எடுத்தார். அப்போதுதான் தாளுக்குப் பின்பக்கமும் இருப்பது தெரிந்தது. அங்கே முதல் வரி, 'முடி உதிராமல் பார்த்துக்கொள்ளவும்' என்றிருந்தது.

கொம்பையாவின் முகம் செத்துவிட்டது. ஆனால் தொழில் தெரிந்தவர் அப்படியே விட்டுவிடுவாரா. "முடி உதிராம இருக்கதுக்கு ஒரே வழிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கடையிலிருந்து தைல பாட்டிலை எடுத்து வந்தார். மிச்சமிருந்த மொட்டுகளை மடியில் போட்டுக்கொண்டு உச்சியில் சூடு பறக்கத் தேய்த்தார். பாட்டில் காலியானதால்தான் நிறுத்தினார். சிரைத்தது போக, தைலம் தேய்த்தது போக, அந்த டப்பாவில் உருப்படியாக மிஞ்சியது ஒரு கைப்பிடி.

அதைப் பத்திரமாக மூடி வைத்துவிட்டு, சிரைத்த மொட்டுகளில் கொஞ்சத்தைப் போட்டுப் பழகிப் பார்த்தார்கள். கோப்பையில் வெளிர் மஞ்சளாகத் தண்ணீர் இறங்கியது.

"வெள்ளை டீன்னு சொல்லிட்டு மஞ்சளா இருக்கே" என்றார் மாசானம். "வேட்டி மஞ்சளிச்சுப் போனா நாம என்ன செய்வோம்? ரெண்டு சொட்டு நீலம் விட்டா வெளுத்துரும்."

"தாள்ல நீலம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப சும்மா இரும்."

மறுநாள் காலையில் பால்காரர் வந்தார். உச்சிமாகாளி தாளை இரண்டு பக்கமும் பார்த்தார். பால் இல்லை. ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். சீனியும் இல்லை. சீனி டின்னைத் தூக்கிப் பரணில் வைத்தார். கண்ணாடித் தம்ளரை எடுக்கக் கை நீட்டினார். தாளில் கோப்பை என்று இருந்ததால் கையை இழுத்துக்கொண்டார்.

அடுத்தது ஊலாங். கரும்பச்சையில் உருண்டை உருண்டையாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. தாளில் எழுதியிருந்தது: 'ஊலாங் இலை சுருண்டு தூங்கும். முதல் தண்ணீர் ஊற்றி அதை எழுப்பவும். எழுப்பிய தண்ணீரைக் கொட்டிவிடவும்.'

மூவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"எப்படி எழுப்பணும்?" என்று கிசுகிசுத்தார் மாசானம். "நான் பஸ்ஸில தூங்குத ஆள எழுப்புத மாதிரி ஒரு அதட்டு போடட்டா?"

"வெளியூர்லேந்து வந்தவங்களை அப்படியா எழுப்புவாங்க?" என்றார் கொம்பையா. "பதமா எழுப்பணும்வே. மொதல்ல காலத் தொடணும்."

"இதுல கால் எது, தலை எது?"

இலையின் காலைக் கண்டுபிடிக்க முடியாததால் உச்சிமாகாளியே மெதுவாக, "எந்திரிங்க, விடிஞ்சிட்டு" என்று சொல்லியபடி வெந்நீரை ஊற்றினார். உருண்டைகள் ஒவ்வொன்றாக நெகிழ்ந்து, விரிந்து, முழு இலையாக நீண்டன. மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிஜமாகவே அழகான காட்சிதான். நான் பிறகு ஒருநாள் பார்த்தேன், இன்னொரு தடவை போடச் சொன்னேன்.

"சோம்பல் முறிக்கு பாருங்க" என்றார் கொம்பையா.

"சரி, தண்ணியை ஏன் கொட்டச் சொல்லுதாவ?" என்றார் மாசானம்.

"எந்திரிச்ச உடனே வாய் கொப்பளிக்கும்லா. அந்தத் தண்ணிவே அது" என்றார் உச்சிமாகாளி. இவ்வளவு தெளிவான விளக்கத்தை அந்த ஊரில் அதற்கு முன்பு யாரும் கேட்டதில்லை.

அதற்கடுத்த வரிதான் அவர்களை அலைக்கழித்தது. 'வெள்ளை டீக்குத் தண்ணீர் நண்டுக்கண் கொதியில் இருக்க வேண்டும். ஊலாங்குக்கு மீன்கண் கொதி.' பானையின் அடியில் கிளம்பும் குமிழி நண்டின் கண் அளவு இருந்தால் இளஞ்சூடு, மீனின் கண் அளவு இருந்தால் இன்னும் கொஞ்சம் சூடு. சீனாவில் பழைய ஆட்கள் வெப்பமானி இல்லாமல் இப்படித்தான் பார்த்தார்களாம். நமக்குப் புரிகிறது.

மாசானம் வாய்க்காலுக்குப் போய் ஒரு வயல் நண்டும் ஒரு கெண்டை மீனும் பிடித்து வந்தார். நண்டு அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டே வந்ததால், யார் யாரைக் கொண்டுவந்தார்கள் என்று சொல்வது கஷ்டம்.

"இப்ப நண்டு தண்ணியப் பாக்கணுமா, நாம நண்டப் பாக்கணுமா?" என்றார் கொம்பையா.

"ரெண்டு பேரும் பாப்போம். ஒருத்தர் விட்டத இன்னொருத்தர் பிடிச்சிரலாம்."

நண்டை ஒரு கிண்ணத்தில் போட்டுப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஆவி பட்டதும் அது கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டது. மாசானம் ஓலை விசிறியால் அதற்கு விசிறினார். கண் வெளியே வந்தது. விசிறி நின்றதும் உள்ளே போனது. கடைசியில் மாசானம் நண்டுக்கு விசிற, கொம்பையா அதன் கண்ணைப் பார்க்க, உச்சிமாகாளி குமிழியைப் பார்க்க என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். "இப்ப" என்று கொம்பையா சொல்லும்போது "இப்ப" என்று உச்சிமாகாளியும் சொன்னால் தண்ணீரை இறக்கிவிடுவார்கள். ஐந்து நாள் இப்படிப் பழகியதில், சொன்னால் நம்பமாட்டீர்கள், அவர்கள் இறக்கும் தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சூடு தப்பவில்லை.

கடைசி வரி இது: 'ஒரு கோப்பையை மூன்று வாயில் குடிக்க வேண்டும். ஒரே வாயில் குடிப்பது மரியாதை அல்ல.'

உச்சிமாகாளி தாளைக் கீழே வைத்துவிட்டார்.

"நாம மூணு பேரு" என்றார் மாசானம். "மூணு வாய் சரியா இருக்கே. இதுல என்ன யோசனை?"

"அந்த அம்மாவுக்கும் வாய் உண்டுல்லா. சேத்தா நாலு ஆயிருதே" என்றார் உச்சிமாகாளி.

"அப்ப அந்த அம்மா குடிக்காண்டாம்."

"குடிச்சுப் பாக்கத்தானேவே அவ்வோ குன்னூர்லேந்து வாராவ."

கொம்பையா விரலை மடக்கி எண்ணினார். "அந்த அம்மா வாய தள்ள முடியாது. கடைக்காரர் வாயையும் தள்ள முடியாது. மிச்சம் ரெண்டு. அதுல ஒரு வாயை மூடிரணும். ஊலாங் ஒரே இலையில ஏழு தடவ போடலாம்னு தாள்லயே இருக்கு. முறை வச்சுக்குவோம். ஒரு கோப்பைக்கு என் வாய் மூடி இருக்கட்டும், அடுத்த கோப்பைக்கு மாசானம் வாய்."

எந்த வாயும் மனத்தாங்கல் படாதபடி இப்படி முடிவாயிற்று.

பத்தாம் நாள் ஹெப்சிபா அம்மா வந்தார். கூடவே இடுப்பு உயரத்துக்கு ஒரு பித்தளைப் பாத்திரத்தையும் டிரைவர் இறக்கி வைத்தார். அந்த அம்மா ரொம்பச் சோர்ந்துபோயிருந்தார். அதுவரை முப்பது கடையில் பரீட்சை வைத்தாகிவிட்டது. ஒரு கடையில் வெள்ளை டீக்கு இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். இன்னொரு கடையில் ஊலாங்கை ஏலக்காயோடு பாலில் கொதிக்கவிட்டு ஒரு மீட்டர் ஆற்றிக் கொடுத்தார்கள். அவருக்கு வாழ்க்கையே வெறுத்திருந்தது.

இங்கே வந்து பார்த்தால் மேஜை மேல் ஒரு நண்டு, பக்கத்திலேயே சட்டியில் ஒரு கெண்டை. ஒருவர் நண்டுக்கு விசிறிக்கொண்டிருந்தார். அவர் வாயைச் சுற்றிச் சும்மாட்டுத் துண்டு கட்டியிருந்தது.

"அவருக்குப் பல்வலியா?"

"இல்ல மேடம், இந்தக் கோப்பைக்கு அவரு வாய் கிடையாது" என்றார் உச்சிமாகாளி.

அந்த அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. முப்பது கடை பார்த்தவருக்குக் கேள்வி கேட்கும் தெம்பு இருக்காது.

"இப்ப" என்றார் கொம்பையா. "இப்ப" என்றார் உச்சிமாகாளி. தண்ணீர் இறங்கியது. அந்த ஒரு கைப்பிடி வெள்ளை டீ கோப்பைக்கு வந்தது. ஹெப்சிபா அம்மா கோப்பையை எடுத்து, விசில் மாதிரி ஒரு சத்தத்தோடு ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடினார். வாய்க்குள்ளேயே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் புரட்டினார். பிறகு பித்தளைப் பாத்திரத்தில் துப்பிவிட்டார்.

மாசானத்தின் விசிறி நின்றது. நண்டு கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டது.

உச்சிமாகாளிக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது. முப்பது வருஷத்தில் அவர் டீயை யாரும் துப்பியதில்லை. கோழிகள் கூட்டமாக அவரை நோக்கி ஓடி வருவது கண்ணுக்குத் தெரிந்தது. இருந்தாலும் வேலை வேலைதான். அந்த அம்மாவின் கையிலிருந்து கோப்பையைப் பணிவாக வாங்கி இரண்டாவது வாயைத் தானே குடித்தார். மீதியைக் கொம்பையாவிடம் நீட்டினார். கொம்பையா குடித்தார். உச்சிமாகாளியின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஏன் அழறீங்க?"

"நீங்க துப்பிட்டீங்களே மேடம். எனக்கு இதை விட்டா வேற ஒண்ணும் தெரியாது. இனிமே கோழிப் பண்ணைதான்."

"ஐயோ, ருசி பார்க்கிறவங்க எல்லாரும் துப்பத்தான் செய்வோம். ஒரு நாளைக்கு இருநூறு கோப்பை. அத்தனையும் முழுங்கினா நான் என்ன ஆவேன்? அடுத்ததைப் போடுங்க."

உச்சிமாகாளி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊலாங்கை எடுத்தார். "எந்திரிங்க, விடிஞ்சிட்டு" என்றார். இலைகள் எழுந்தன. வாய் கொப்பளித்த தண்ணீரை வாசலில் கொட்டினார். கெண்டையின் கண்ணைப் பார்த்து அடுத்த தண்ணீரை இறக்கினார். முதல் கோப்பை. அந்த அம்மா ஒரு வாய், உச்சிமாகாளி ஒரு வாய், மாசானம் ஒரு வாய். துண்டு கொம்பையாவின் வாய்க்கு மாறியது. இரண்டாவது கோப்பைக்கு மறுபடி மாசானத்துக்கு. இப்படி ஏழு கோப்பை. நாலாவது கோப்பையில் அவசரத்தில் துண்டை ஹெப்சிபா அம்மாவுக்குக் கட்டப் போனார்கள், அவர் தலையைப் பின்னால் இழுத்துத் தப்பித்துக்கொண்டார்.

ஏழாவது கோப்பையை அந்த அம்மா துப்பவில்லை. முழுங்கிவிட்டார்.

"முப்பது கடையில் ஒருத்தர்கூட தாளில் இருக்கிறபடி செய்யலை" என்றார். "நீங்க பால் ஊத்தலை, சீனி போடலை. சூடு ஒரு துளி தப்பலை. அதுக்கு மேல, அடுத்தவங்களுக்குக் கொடுக்கிற டீயை ஒவ்வொரு கோப்பையும் நீங்களே குடிச்சுப் பார்க்கிறீங்க. இந்த நேர்மையை நான் எங்கேயும் பார்த்ததில்லை."

தன் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் கொடுத்தார்.

"ஸ்டேஷன்ல இருக்கிற கடையை நீங்க எடுத்துக்குங்க. நல்லா நடக்கும். ரயில் சரியா உங்க கடைக்கு முன்னாலதான் வந்து நிக்கும்."

உச்சிமாகாளி இந்தத் தடவை சந்தோஷத்தில் அழுதார். கொம்பையாவின் வாயில் துண்டு இருந்ததால் அவரால் அழ மட்டும்தான் முடிந்தது. அந்த அம்மா காரில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் மூவரும் ஒரு டிராக்டரும் தேர்வடமும் எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனார்கள். கடை தேக்கு மரத்தில் செய்த அருமையான கடை, நாலு போல்ட்டில் நின்றது. பணியில் இருந்த ரயில்வேக்காரர் ஓடி வந்து என்ன ஏது என்று கேட்டார். கடிதத்தைக் காட்டினார்கள். 'கடையை இவர் எடுத்துக்கொள்ளலாம்' என்று தெளிவாக எழுதியிருந்தது. சீலும் இருந்தது. அவர் சீலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஸ்பானர் வேண்டுமா என்று கேட்டார். மாசானத்துக்கு வெகு நாளைக்குப் பிறகு தலைக்கு ஒரு பாரம் கிடைத்தது. ஆள் ரொம்ப சந்தோஷமாக இருந்தார்.

கடையைக் கொண்டுவந்து ஊருக்குள் பழைய பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இறக்கி, நெல் வயலைப் பார்க்க நிறுத்தினார்கள். கண்ணாடியைத் துடைத்தார்கள். நண்டைக் கிண்ணத்தில் வைத்தார்கள். பிறகு மூன்று பேரும் தோளோடு தோள் சேர்ந்து நின்று வயலுக்கு அந்தப் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள்.

விஷயம் வாய்க்கால் தாண்டி எங்கள் ஊருக்கு வந்ததும் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்கு எனக்கு மதுரைக்குப் போகிற வேலை இருந்தது. போகிற வழியில் இந்தக் கூத்தை நேரில் பார்த்துவிடலாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"என்ன உச்சிமாகாளி, ரயில் வந்துட்டா?" என்றேன்.

"கொஞ்சம் லேட்டு அண்ணாச்சி" என்றார். "டீ சாப்பிடுங்க. ஆனா மூணு வாய் ஆகணும். கொம்பையா, நீரும் வாரும்."

டீ நன்றாகத்தான் இருந்தது. என் பங்கு ஒரு வாயைக் குடித்துவிட்டு அவர்களைக் கூர்ந்து விசாரித்தேன். நாங்கள் அவர்களைப் போலச் சொன்னதையெல்லாம் நம்பிவிடுகிறவர்கள் இல்லை. எதையும் நாலு கேள்வி கேட்டுத்தான் முடிவு செய்வோம். முன்பதிவு இல்லாத பெட்டி எந்தப் பக்கம் வரும் என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். மூன்று பேரும் வடக்குப் பக்கம் என்று ஒரே மாதிரி சொன்ன பிறகுதான் பெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கி, கூட்டம் சேர்வதற்குள் வடக்கே போய் இடம் பிடித்து நின்றுகொண்டேன்.